அசையாத கை

“அசையாதீங்க சார்,” என்றாள் செண்பகவல்லி.

தனிஸ்லாஸ் மூச்சை அடக்கிக்கொண்டார். முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில், மேஜைமேல் அந்தச் சென்சார் இருந்தது. மீட்பு ரோபோவின் கண் அது; ஈயின் கண்ணைப் பார்த்துச் செய்தது. எது மாறுகிறதோ அதை மட்டும் புள்ளிகளாகக் காட்டும்.

பக்கத்துத் திரையில் அவர் முகம் வெள்ளைப் புள்ளிகளாக மினுங்கிற்று. பிறகு காது போயிற்று. மூக்கு போயிற்று. திரை கறுத்தது. இமைத்தபோது மட்டும் இரண்டு கோடுகள் தோன்றி அணைந்தன.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. தீயணைப்புத் துறையில் முப்பது வருஷம் இருந்துவிட்டு, மீட்பு ரோபோ ஓட்டக் கற்றுக்கொள்ள இந்த ஆய்வகத்துக்கு வந்தவர். சொல்லிக்கொடுக்கும் செண்பகவல்லி அவரைவிட இருபது வயது இளையவள்.

சென்சாருக்குப் பக்கத்தில் விசாரணைப் படிவம் கிடந்தது. ‘காரணம்’ என்ற கட்டத்தை அவர் இன்னும் நிரப்பவில்லை.

“இதைத்தானே மேடம் நானும் சொல்றேன்? ரோபோவோட கண்ணுலதான் கோளாறு. ஈயை நம்பி மனுஷனைத் தேடப் போனோம் பாருங்க.”

பேசி முடிக்கும்வரை திரையில் வாய் மட்டும் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு குளிர்பதனக் கிடங்கு இடிந்து விழுந்தது. காவலாளி மாசிலாமணி உள்ளே சிக்கிக்கொண்டார். ரோபோவை ஓட்டியது தனிஸ்லாஸ். மூன்றாம் அறையில் யாரும் இல்லை என்று சொன்னதும் அவர்தான். தேட வந்தவர்கள் பின்பக்கம் போனார்கள். மறுநாள் மூன்றாம் அறையில்தான் உடல் கிடைத்தது. சரிந்த தகரத்துக்கு வெளியே வலது கை மட்டும் நீட்டியிருந்தது.

செண்பகவல்லி சென்சாரைப் பிடித்து மெல்ல இடமும் வலமும் நகர்த்தினாள். எல்லாம் வந்தது. காது, சட்டைப் பொத்தான், பின்சுவரின் கடிகாரம், நாற்காலிப் பிடியில் கிடந்த அவர் கை.

விட்டாள். எல்லாம் போயிற்று.

“மூணாவது ரூம் வாசல்ல என்ன பண்ணீங்க?”

“ரோபோவை நிறுத்தினேன்.”

“எவ்வளவு நேரம்?”

“ரெண்டு நிமிஷம் இருக்கும். அவசரப்படக் கூடாதுன்னு நின்னு நிதானமா பார்த்தேன் மேடம். ஒரு பொட்டுக்கூட வரல.”

“நின்னா ஒண்ணும் தெரியாதுன்னு முதல் வாரமே சொன்னேன்.”

“சொன்னீங்க. பரீட்சையில எழுதினேன். முழு மார்க் போட்டீங்க.” கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். “அங்க போனதும் பழைய புத்தி. டார்ச் அடிச்சா நின்னுதானே பார்ப்போம்?”

அவள் தலையை ஆட்டினாள்.

“நான் நின்னப்போ அவருக்கு உயிர் இருந்திருக்குமா மேடம்?”

“அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் இருந்திருக்கும்னு டாக்டர் எழுதியிருக்கார்.”

ரோபோ அந்த வாசலில் நின்றது காலை பத்து மணிக்கு. தனிஸ்லாஸ் படிவத்தைப் பார்த்தார்.

“ஒரு விரலை ஆட்டியிருக்கலாம் மேடம் அந்த ஆளு. ஒரே ஒரு விரல். ஒரு புள்ளி வந்திருந்தாக்கூட ரோபோவை உள்ள விட்டிருப்பேன்.”

“அவரால முடியல சார். நீங்கதான் நகர்ந்திருக்கணும்.”

அவர் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தார். இமையும் அசையவில்லை; திரை முழுக்கக் கறுப்பாக இருந்தது. பிறகு கண் இருந்த இடத்துக்குக் கீழே ஒரு புள்ளி வந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. மெல்லிய கோடாகி மெதுவாக இறங்கிற்று.

செண்பகவல்லி சென்சார்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.