மூன்று குவியல் கத்தரிக்காய்

மருந்தடிக்காத இயற்கைக் காய்க்கு ஒரு மேடை, சந்தைக் காய்க்கு ஒரு மேடை என்று கடை நடத்துகிறவர் தேவநாதன். அன்று பத்து மணிக்கு அவர் வந்தபோது இரண்டு கூடைக் கத்தரிக்காயும் தரையில் ஒன்றாகக் கிடந்தன.

“ரெண்டையும் கலந்துட்டியா? மதியத்துக்குள்ள பிரிச்சு வை. இல்லேன்னா நாளைக்கு வராதே.”

விடிகாலையிலிருந்து கடையில் நின்று வேலை பார்த்த செங்கமலத்துக்கு வேறு வேலை தேடத் தெம்பில்லை. காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாளைக் காட்டினாள்.

“எனக்கு அடையாளம் தெரியாது சார். எது இயற்கைக் காய்னு தொட்டாலே சொல்லிடுவேன்னு நேத்துக்கூட இந்த அம்மாகிட்ட சொன்னீங்களே. நீங்க பிரிச்சுக் குடுங்க, நான் அடுக்கறேன்.”

காய் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேவநாதன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். புழு ஓட்டை இருந்தால் இயற்கை என்றார். பளபளத்தால் மருந்தடித்தது என்றார். ஒரே அளவில் இருந்த நாலைந்தை, “இது மரபணு மாத்தினது” என்று தனியே ஒதுக்கினார்.

மூன்று குவியலையும் அடுக்கிவிட்டுச் செங்கமலம் சொன்னாள்: “இயற்கைக் காய் வண்டி இன்னிக்கு வரலை சார். ரெண்டு கூடையும் சந்தையில ஒரே ஆள்கிட்ட வாங்கினது.”

“முதல்லயே சொல்றதுக்கென்ன?”

“நீங்க பிரிக்கத்தானே சொன்னீங்க.”

அந்த அம்மாள் இயற்கை என்று பையில் எடுத்துப் போட்டிருந்த காயைத் திரும்ப மேடையில் வைத்தாள். நாளைக்கு வராதே என்று தேவநாதன் மறுபடி சொல்லவில்லை. செங்கமலம் காலிக் கூடையைக் கவிழ்த்து, அன்று முதல்முறையாக உட்கார்ந்தாள்.