நீலமாகாத தட்டு

"மேடம், நான் ஊருக்குப் போயிரலாம்னு இருக்கேன்" என்றார் எபனேசர்.

"போங்க சார். எந்த பஸ்?" என்றார் ஜுவைரியா.

எபனேசர் இதை எதிர்பார்க்கவில்லை. நாகர்கோவிலில் கல்லூரிப் பேராசிரியர். ஐம்பதைத் தாண்டிய வயதில் விடுப்பு எடுத்துக்கொண்டு, முனைவர் பட்டத்துக்காக இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து மாணவராக உட்கார்ந்தவர். அப்படிப்பட்டவர் போகிறேன் என்றால் ஏன் என்றாவது கேட்க வேண்டாமா?

அவருடைய வழிகாட்டியான ஜுவைரியாவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. அவர் இவரை சார் என்பார், இவர் அவரை மேடம் என்பார். யார் யாருக்குப் பாடம் சொல்கிறார் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள்.

"ஏன்னு கேக்க மாட்டீங்களா மேடம்?"

"சொல்லணும்னுதானே வந்திருக்கீங்க."

சொன்னார்.

அவர் கையில் இரண்டு தட்டுகள் இருந்தன. இரண்டிலும் பாக்டீரியாக்கள் புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்தன. ஒன்றில் எல்லாம் நீலம், மற்றதில் எல்லாம் வெள்ளை. அவர் ஆராயும் ஜீன் வேலை செய்தால் நீலம், செய்யாவிட்டால் வெள்ளை. அப்படி ஏற்பாடு செய்து வைத்தவரும் அவர்தான்.

"இந்த பாக்டீரியாவுல ஒரு புரதம் இருக்கு. ஜீன் மேல போய் உக்காந்துக்கிட்டு அதை வேலை செய்ய விடாது. அது ஒரு பூட்டு, பார்த்துக்கிடுங்க. அதுல சந்தேகமே இல்ல. அதை எடுத்ததும் வேற எத்தனையோ ஜீன் திறந்துச்சு, நானே பார்த்தேன். ஆனா என் ஜீனைப் பாருங்க. பூட்டு இருக்கிற தட்டு நீலம். பூட்டை எடுத்த தட்டு வெள்ளை. பூட்டை எடுத்தா கதவு எப்படி மேடம் மூடிக்கிடும்?"

ஜுவைரியா இரண்டு தட்டையும் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா வளர்ந்திருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

எபனேசருக்கு அழுகை வராத குறை.

போன முறை ஆய்வுக் குழு கூடியபோது இதே முடிவைத்தான் காட்டினார். குழுவில் இருந்த பேராசிரியர் சடகோபன் தட்டுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார், லேபிளை மாத்தி ஒட்டிட்டீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்துவைத்தார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அடுத்த கூட்டம்தான் கடைசி. அதிலும் பதில் இல்லையென்றால் பதிவு ரத்து. லேபிள் ஒட்டத் தெரியாத வாத்தியார் என்ற பேரோடு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

"ஒரே ஒரு ஜெல் ஓட்டிட்டுப் போங்க" என்றார் ஜுவைரியா.

"எத்தனையோ ஓட்டியாச்சே மேடம்."

"படம்தான் பார்த்திருக்கேன். நீங்க ஓட்டுறதை நான் பார்த்ததில்ல."

பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.வை, அதாவது ஜீன்களின் நகல்களை, கூழ்ப் பலகை போன்ற ஜெல்லின் மேல் முனையில் விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். எல்லாம் கீழே இறங்கும். பெரியவை தத்தித் தத்தி வரும், சிறியவை ஓடிவிடும். ஒரே அளவுள்ளவை சேர்ந்து ஒரு பட்டையாகத் தெரியும். எவ்வளவு நேரம் ஓட விடுகிறோமோ அவ்வளவுக்குப் பெரியவை ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும்.

எபனேசரின் ஜெல் துறையிலேயே பேர் போனது. ஒரு பட்டையோடு இன்னொன்று ஒட்டாது. முதலாண்டு மாணவர்களுக்கு அவர் படத்தைத்தான் போட்டுக் காட்டுவார்கள். அதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, பொறுமைதான். மற்றவர்கள் அணைத்துவிட்டுச் சாப்பிடப் போன பிறகும் இவர் ஓடவிட்டுக்கொண்டே இருப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மறுநாள் காலை ஜெல் ஓடத் தொடங்கியது. ஜுவைரியா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஓட்டத்தைக் காட்டும் சாயக் கோடு பாதி தூரம் இறங்கியதும் கையை நீட்டி சுவிட்சை அணைத்தார்.

"மேடம், இன்னும் முடியல."

"தெரியும்."

"இப்ப எடுத்தா பட்டையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு அப்பிக்கிட்டு நிக்கும். யாருக்கும் காட்ட முடியாது."

"யாருக்கும் காட்ட வேண்டாம். நீங்க பாருங்க."

எபனேசருக்கு சுள்ளென்று வந்தது. வகுப்பில் ஒரு மாணவன் இந்த வேலையைச் செய்திருந்தால் வெளியே அனுப்பியிருப்பார். என்ன செய்வது, இங்கே மாணவர் அவர்தான். முணுமுணுத்துக்கொண்டே ஜெல்லைச் சாயத்தில் ஊறவைத்து விளக்குப் பெட்டி மேல் வைத்தார்.

மேல் பாதி அவர் சொன்ன மாதிரியே அலங்கோலமாக இருந்தது. தன் கையால் இப்படி ஒரு ஜெல்லா என்று கூசியது. பார்வையைக் கீழே இறக்கினார்.

கீழே ஒரு பட்டை இருந்தது.

மெலிதாக, ஆனால் தெளிவாக. பூட்டை எடுத்த பாக்டீரியாவின் வரிசையில் மட்டும். பூட்டு இருந்த வரிசையில் அந்த இடம் காலி.

"இது என்ன மேடம்?"

"நீங்கதான் சொல்லணும்."

"ரொம்பக் குட்டியா இருக்கே. இவ்வளவு சின்ன ஆர்.என்.ஏ.வை வச்சுக்கிட்டு ஒரு புரதம்கூட செய்ய முடியாதே." நிறுத்தினார். "இத்தனை நாளும் இது எங்க போச்சு?"

ஜுவைரியா ஜெல் ஓடிய பெட்டியின் அடியில் தேங்கியிருந்த கரைசலைக் காட்டினார்.

படம் அழகாக வர வேண்டும் என்று ஓடவிட்ட ஒவ்வொரு முறையும் இந்தக் குட்டி ஜெல்லைத் தாண்டி இறங்கி, அந்தக் கரைசலில் கலந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் எபனேசர் அதைச் சிங்கில் கொட்டி, குழாயையும் நன்றாகத் திறந்துவிட்டுக் கழுவியிருக்கிறார்.

கரைசலைப் பார்த்தார். சிங்கைப் பார்த்தார். மறுபடி பட்டையைப் பார்த்தார்.

"மேடம்."

"ம்."

"புரதம் என் ஜீனைப் பூட்டவே இல்ல. அது பூட்டி வச்சிருந்தது இந்தப் பொடியனை."

ஜுவைரியா குனிந்து பட்டையைப் பார்த்தார்.

"புரதத்தை நான் எடுத்ததும் இவன் வெளிய வந்துட்டான். வந்தவன் சும்மா இருக்கல. என் ஜீன்லருந்து ஒரு நகல் வரும்லா, அதுல போய் ஒட்டிக்கிட்டு, அதைப் படிக்க விடாமப் பண்ணுதான். நகல் எடுத்தும் வேலை நடக்கல. ஒரு பூட்டைக் கழத்தி நானே இன்னொரு பூட்டை மாட்டி விட்டிருக்கேன்."

"இருக்கலாம்."

"இருக்கலாம் இல்ல மேடம். இதுதான்."

"அப்ப லேபிள் மாறலைன்னு எப்படிக் காட்டுவீங்க?"

எபனேசர் யோசிக்கவே இல்லை. "இவனையும் எடுத்திருதேன். பூட்டும் கிடையாது, பொடியனும் கிடையாது. நான் சொல்லுதது சரின்னா தட்டு நீலமாகணும். அப்பவும் வெள்ளையாவே இருந்தா, லேபிளை மாத்தித்தான் ஒட்டினேன்னு குழு முன்னால நானே சொல்லிருதேன்."

அதன் பிறகு ஊர்ப் பேச்சே வாயில் வரவில்லை. மனைவி கிளாரா போன் செய்தால், "நல்லாருக்கேன், வச்சிரு" என்பார். பொடியனின் ஜீனை வெட்டியெடுக்க வாரக்கணக்கில் மல்லுக்கட்டினார். இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை கிடைத்ததைத் தட்டில் போட்டபோது கூட்டத்துக்கு ஒரு நாள்தான் மிச்சம்.

கூட்டத்தன்று காலை இன்குபேட்டரைத் திறந்தார். திறந்தவர் மூடவில்லை. உள்ளிருந்த சூடு முகத்தில் அடிக்க அப்படியே நின்றார்.

தட்டில் வெள்ளை என்று ஒரு புள்ளிகூட இல்லை. எல்லாம் நீலம்.

கூட்டத்தில் மூன்று தட்டுகளையும் வரிசையாக வைத்தார். நீலம், வெள்ளை, நீலம்.

சடகோபன் மூன்றாவது தட்டைத் திருப்பி லேபிளைப் பார்த்தார். மற்ற இரண்டையும் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை மேஜைக்குப் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.

"சார், முதல்லேருந்து சொல்லுங்க."

எபனேசர் சொன்னார். பின் பெஞ்சுவரைக்கும் கேட்கிற கல்லூரி வாத்தியார் குரல் அது, அந்தச் சின்ன அறை தாங்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் சடகோபன் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நான் அன்னிக்கு அவசரப்பட்டுட்டேன். இதை உடனே எழுதுங்க" என்றார்.

வெளியே வந்த எபனேசர் மாடிப்படியில் இரண்டிரண்டாக இறங்கினார். அந்த வயதுக்கு வேண்டாத வேலைதான். ஆனால் அவ்வளவு சந்தோஷம், நடந்து இறங்க அவரால் முடியவில்லை.

கேன்டீனில் ஜுவைரியா வந்து சேரும்வரை காத்திருந்து, டீ வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பொடியன் அங்க இருப்பான்னு உங்களுக்கு முன்னாலயே தெரியும், இல்லையா மேடம்? அதனாலதானே பாதியில நிறுத்துனீங்க?"

ஜுவைரியா ஒரு மடக்கு குடித்தார்.

"தெரிஞ்சிருந்தா வாயால சொல்லியிருப்பேன் சார். தெரியாததாலதான் நிறுத்தினேன்."