செம்பி எடுத்து வைத்த விதைகள்

முகிலடி மலை உச்சியில் ஒரே ஒரு தேவதாரு மரம் மிச்சம் இருந்தது. மற்றவற்றை மரவெட்டிகள் கொண்டுபோய்விட்டார்கள். அந்த மரத்துப் பொந்தில் செம்பி என்ற அணில் தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. மரத்தடிக் குட்டையில் வடிவு என்ற தவளை இருந்தது.

செம்பிக்குப் பக்தி அதிகம். விடிந்ததும் சூரியனைப் பார்த்துக் கை கூப்பாமல் வாயில் எதையும் வைக்காது. தேவதாருவின் காய்கள் கிளைமேல் அகல் விளக்கு மாதிரி நிமிர்ந்து நிற்கும். அவை முற்றியதும், ஒரு விதை கூடக் கீழே சிந்தாமல் செம்பி பறித்துவிடும். ஆனால் முதல் பிடியைத் தான் தின்னாது. "இது மலையம்மாவுக்கு!" என்று இலையில் பொதிந்து பாறை இடுக்கில் வைக்கும். "மலைக்கு ஒரு பிடி எடுத்து வை" என்று அதன் தாய் சொல்லிவிட்டுப் போயிருந்தது.

அந்த வருஷம் குட்டை பாதியாக வற்றிப்போனது.

"செம்பியக்கா! என் பிள்ளைகளுக்கு நீந்த இடமில்லை. வாலோடு வால் இடிக்கிறது!" என்று வடிவு அழுதது.

"கவலைப்படாதேடி. மழைக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன்."

"மழையாலா இந்தக் குட்டை நிரம்பியது? மூடுபனி ஊசியிலையில் முட்டி, சொட்டுச் சொட்டாக வடிந்துதானே நிரம்பியது! அன்றைக்கு அத்தனை மரம் சொட்டியது. இன்றைக்கு ஒன்று. அதுவும் கிழம். இது சாய்ந்தால் நாம் எங்கே போவோம்? ஒரு கன்றாவது முளைத்ததா?"

அந்தப் பக்கம் வந்த முள்ளாண்டி என்ற முள்ளம்பன்றி சிரித்தது. "மேலே இருக்கிற மகராசி ஒரு விதையைக் கீழே விட்டால்தானே முளைக்கும்!"

செம்பிக்குச் சுருக்கென்றது. "யாரைச் சொல்கிறாய்? காய்த்த பருவமெல்லாம் மலைக்கு ஒரு பிடி வைத்திருக்கிறேன். வந்து பார்!"

பாறை இடுக்கில் ஏழு பொதிகள் வரிசையாக இருந்தன. செம்பி ஒன்றைப் பிரித்தது. உள்ளே வெறும் பூஞ்சை. இன்னொன்றைப் பிரித்தது. புழு அரித்த தூள். ஏழாவதையும் பிரித்தது. எல்லாம் சொத்தை.

முள்ளாண்டிக்குச் சிரிப்பு நின்றுபோனது.

"மலைக்குத்தானே வைத்தேன்..." என்றது செம்பி. "பாறையும் மலைதானே?"

"பாறைக்கு ஏது அக்கா வயிறு? மண்ணுக்கு அல்லவா வயிறு!" என்றது வடிவு.

செம்பி திரும்பி மரத்தில் ஏறியது. பொந்துக்குப் போய்ப் பார்த்தது. அந்த வருஷத்து விதை கொஞ்சம்தான். குளிர்காலத்துக்குக் குட்டிகளுக்கே காணாது. கிழமரம் இனி ஒரு தடவை காய்க்குமா என்று யாருக்குத் தெரியும்? செம்பி விதையை அள்ளத் தொடங்கியது.

"அம்மா! எங்களுக்கு?"

"காளான் தின்னலாம்."

"காளான் கசக்குமே!"

"கசக்கட்டும் கண்ணுகளா. தண்ணீர் இருந்தால் கசப்பையும் விழுங்கலாம்."

முள்ளாண்டி மண்ணைக் கிளறியது. செம்பி பிடி பிடியாகத் தூவியது. வடிவு ஈரப்பாசியைக் கொண்டுவந்து மூடியது.

குளிர்காலம் முழுக்கக் குட்டிகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே காளான் தின்றன. குளிர் விட்டதும் மூன்றே மூன்று கன்றுகள் தலை நீட்டின. கடமான் ஒன்று மேய வந்தது. முள்ளாண்டி கன்றுகளின் பக்கத்தில் முள்ளை விரித்துப் படுத்துக்கொண்டது.

"வாருங்கள் அண்ணே! முதலில் என்னை மேய்ந்துவிட்டு அப்புறம் அதை மேயுங்கள்!"

கடமான் வந்த வழியே திரும்பியது.

ஒரு காலையில் மூடுபனி இறங்கியது. விரல் உயரக் கன்றின் ஊசி நுனியில் ஒரு துளி திரண்டது. நடுங்கியது. மண்ணில் விழுந்தது.

"சொட்டியது! அக்கா, சொட்டியது!" என்று வடிவு குதித்தது.

செம்பி ஓடிவந்தது. கையெல்லாம் சேறு. அந்தச் சேற்றுக் கையையே கூப்பி நின்றது.

பிறருக்கென்று எடுத்து வைத்தது, உரிய காலத்தில் அவர் கையில் சேர்ந்தால்தான் கொடையாகும்.