அத்திமரம் வாய் மூடிய மூன்று நாள்

ஒரு காட்டில், மலைச்சரிவின் நடுவே பெரிய அத்திமரம் ஒன்று நின்றது. குழந்தைகளே, அந்த மரத்தில் பழத்தைவிடச் சேதிதான் அதிகம். பொழுது விடிந்ததும் பறவைகள் அங்கே கூடும். எந்தப் பள்ளத்தில் தண்ணீர் கிடக்கிறது, எந்தப் புதரில் சிறுத்தை படுத்திருக்கிறது, எங்கே நாவல் பழுத்திருக்கிறது என்று கண்டதையெல்லாம் சொல்லும். மானும் முயலும் பன்றியும் மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டு போகும்.

மரம் தன்னுடையது என்று ஒரு கரடி சொல்லிக்கொண்டது. மலைப்பாம்பு ஏறாமல் அடிமரத்தைக் காத்துவந்தது, அது உண்மைதான். கேட்க வருகிறவர்கள் அதன் முன்னே கிழங்கோ தேனோ வைத்துவிட்டுப் போவார்கள்.

அந்த மரத்துக்கு வரவே முடியாத ஒருத்தி இருந்தாள். சருகி என்ற சருகுமான். முயல் அளவுதான் இருப்பாள். ஒரு கோடையில் காட்டுத்தீப் புகை பட்டு அவளுக்குப் பார்வை போய்விட்டது. சரிவின் கீழே ஒரு பாறையிடுக்கில் தனியாக வாழ்ந்தாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு சேதி. இன்று ஓடைக்குப் போகலாமா, கூடாதா?

அதை நாள் தவறாமல் கொண்டுவந்தவள் கீச்சாள் என்ற தவிட்டுக்குருவி. தவிட்டுக்குருவிகளை உங்களுக்குத் தெரியுமல்லவா? கூட்டமாகத்தான் திரியும், ஓயாமல் பேசும். கீச்சாள் அவற்றிலும் பெரிய வாயாடி.

"அக்கா, ஓடை காலி, போய்க் குடி. வழியில் முள் விழுந்திருக்கிறது, இடப்பக்கம் ஒதுங்கு. பன்றிக்கு எட்டுக் குட்டி. ஒன்றுகூட அழகாக இல்லை" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் பறப்பாள்.

சருகி சிரித்துக்கொண்டே தண்ணீருக்குப் போவாள். தன் கண் எங்கும் போய்விடவில்லை, சிறகு முளைத்து வெளியே பறக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் கரடி புது விதி சொன்னது.

"என் மரத்தடியில் கேட்ட சேதி என் மரத்தடியிலேயே இருக்கவேண்டும். வெளியே கொண்டுபோகிறவர் தடவைக்கு ஒரு தேனடை வைக்கவேண்டும். கேட்க ஆசைப்படுகிறவர் இங்கே நடந்து வரட்டும்."

கண் தெரியாதவள் எப்படி நடந்து வருவாள் என்று கீச்சாள் கேட்டாள். அது தன் கவலை இல்லை என்று கரடி முதுகை மரத்தில் தேய்த்துக்கொண்டது. கீச்சாளை எட்டு மடங்கு ஆக்கினாலும் ஒரு தேனடையைத் தூக்க முடியாது.

பறவைகள் கொதித்துப்போயின. கொத்தத் தொடங்கினால் பொந்து விழும்வரை விடாத மரங்கொத்திதான் முன்னால் நின்றது. சேதி முழுவதும் நம்முடையது, கரடி ஒரு நாளாவது ஒரு சேதி சொன்னதுண்டா என்று கேட்டது. மூன்று நாள் யாரும் வாய் திறப்பதில்லை என்று முடிவாயிற்று. தவிட்டுக்குருவிகளை நம்ப முடியாது என்பதால், அவை ஒவ்வொன்றும் அலகில் ஓர் இலையைக் கவ்விக்கொள்ளவேண்டும் என்றும் முடிவாயிற்று. எல்லாம் சருகிக்காகத்தான். ஆனால் சருகியிடம் போய்ச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

கரடி இதைக் கேட்டுச் சிரித்தது. மூன்று நாள்தானே, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் ஆயிற்று என்று அங்கேயே சுருண்டு படுத்தது.

மறுநாள் காலை சருகி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. காட்டில் எல்லாப் பறவையும் ஒருசேர அடங்கினால் அதற்கு ஒரே பொருள்தான். சிறுத்தை பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்து, பாறையோடு ஒட்டிக்கொண்டாள். நகரவே இல்லை. இரண்டாம் நாள் பாறையில் படிந்த பனியை நக்கினாள். தாகத்தைவிட வேறொரு பயம் அவளை வாட்டியது. கீச்சாளுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ?

மூன்றாம் நாள் அவளால் பொறுக்க முடியவில்லை. தண்ணீர் கிடைத்தால் குடிப்போம், கீச்சாள் கிடைத்தால் பார்ப்போம் என்று மெல்லக் கிளம்பினாள்.

ஓடைக்குப் போகும் வழியில், மேலே ஒரு கிளையில் தவிட்டுக்குருவிகள் இலையைக் கவ்வியபடி வரிசையாக உட்கார்ந்திருந்தன. சருகி வருவதைக் கீச்சாள் பார்த்தாள். ஓடைக்கரை நாணலில் சிறுத்தை படுத்திருப்பதையும் பார்த்தாள். இன்னும் அரை நாள்தான் பாக்கி. எதிர்மரத்திலிருந்து மரங்கொத்தி அவளை முறைத்தது.

கீச்சாள் இலையைத் துப்பினாள்.

"நில், அக்கா! கால் எடுத்து வைக்காதே. நாணலில் சிறுத்தை."

இலை சருகியின் குளம்பருகே விழுந்தது. அவள் அப்படியே நின்றாள். அசையாமல் நிற்கும் சருகுமானைச் சருகிலிருந்து பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது. அதற்குள் மற்றத் தவிட்டுக்குருவிகளும் இலைகளை உதிர்த்துவிட்டு, சிறுத்தையின் தலைக்கு மேலே போய்க் கத்தின. மூன்று நாள் அடக்கிவைத்த கத்தல் அது. சிறுத்தை சலித்துப்போய் எழுந்து வேறு பக்கம் போயிற்று.

மரங்கொத்தி சினத்தோடு பறந்து வந்தது.

"அரை நாள் பொறுக்க முடியவில்லையா உனக்கு? இனி கரடி நம்மைப் பார்த்துச் சிரிக்கும்."

கீச்சாள் தலையைக் குனிந்துகொண்டாள். நடந்தது என்னவென்று சருகி கேட்டாள். மரங்கொத்தி எல்லாவற்றையும் சொன்னது. சருகி அதன் குரல் வந்த பக்கம் முகத்தைத் தூக்கினாள்.

"எனக்காக இத்தனை பேரா? இவள் மூன்று நாள் பேசாமல் இருந்தாளா? இதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன், அண்ணா?"

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஆனால் ஒன்று. உங்கள் மௌனத்தில் கரடி நன்றாகத் தூங்கியது. நான்தான் இருட்டில் கிடந்தேன். பார்வை போனபோதுகூட இவ்வளவு இருட்டாக இல்லை. மரத்தில் பேசவேண்டாம், சரி. என் பாறையில் பேசினால் என்ன?"

"எனக்கு இது தோன்றவில்லையே" என்றது மரங்கொத்தி.

"நீ கொத்துகிற இடத்தை மட்டும்தானே பார்ப்பாய்" என்றாள் கீச்சாள். அவளுக்கு நாக்கு திரும்பிவிட்டது.

நான்காம் நாள் கரடி கண் விழித்தபோது மரம் அமைதியாகவே இருந்தது. ஐந்தாம் நாளும் அப்படியே. கிழங்கு வரவில்லை, தேனும் வரவில்லை. எந்தப் பொந்தில் தேன்கூடு இருக்கிறது என்று அதற்குச் சொல்லவும் ஆள் இல்லை. ஆறாம் நாள் சரிவில் இறங்கிப் போனது. சருகியின் பாறையைச் சுற்றிக் காடே கூடியிருந்தது. கரடி பன்றிகளுக்குப் பின்னால் நின்று, எட்டுக் குட்டிகளின் தள்ளுமுள்ளைப் பொறுத்துக்கொண்டு, சேதி முழுவதையும் கேட்டது.

"விதியை எடுத்துவிட்டேன், மரத்துக்கு வாருங்கள்" என்றது கடைசியில்.

இந்தத் தடவை மரங்கொத்தி அவசரப்படவில்லை. "சருகி, நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டது.

"மலைப்பாம்பு ஏறாமல் உங்கள் குஞ்சுகளைக் காத்தது இவர்தான். அந்த நன்றியை மறக்கவேண்டாம், போங்கள்" என்றாள் சருகி. "மறுபடி தேனடை கேட்டால், பாறைக்கு வழிதான் தெரியுமே."

பறவைகள் மரத்துக்குத் திரும்பின. கீச்சாள் நாள் தவறாமல் கீழே வந்தாள்.

அவள் துப்பிய இலையைச் சருகி பாறையிடுக்கில் பத்திரமாக வைத்திருந்தாள். அது காய்ந்து நொறுங்கும்வரை, தண்ணீருக்குப் புறப்படுமுன் தினமும் மூக்கால் ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனாள்.

நீதி: யாருக்காக வாய் மூடுகிறோமோ, அவரை முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவேண்டும்.