முடியாத ஓலையும் முடிவுரைப்பாரும்

கடலில் இன்னும் உப்புக் கரையாத காலத்தில், கொன்றைமலை நாட்டை எதிரிலிராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவன் நாட்டில் ஒரு கெட்ட சட்டம். அரசாங்க ஓலை கையில் கிடைத்தவன், அதில் எழுதிய வேலை முடியும்வரை உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் தலை போகும்.

கொம்பையன் என்ற காவற்காரனுக்கு ஓர் ஓலை வந்தது. “கோட்டையைச் சுற்று. வடக்கு வாசலில் பட்டத்து யானை நின்றால் வீட்டுக்குப் போ. நிற்காவிட்டால் மறுபடி சுற்று.” மறுநாளே யானை செத்துப்போனது. வேறு யானை வாங்க ராஜாவுக்கு மனசில்லை. கொம்பையன் சுற்றினான், சுற்றினான், மூன்று மாதம் சுற்றினான். நடந்துகொண்டே தின்றான், நடந்துகொண்டே தூங்கினான். அவன் கால் பதிந்த பள்ளத்தில் தண்ணீர் விட்டு, அதையே அகழி என்று கணக்குக் காட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அவன் பெண்சாதி சிலம்பாயி சபைக்கு வந்தாள். “மகாராஜா, செத்த யானை எந்த வாசலில் வந்து நிற்கும்? என் புருஷனை விட்டுவிடுங்கள்.”

ராஜா வித்தகராயரைப் பார்த்தான். எந்த ஓலையின் வேலை முடியும், எது முடியாது என்று சொல்லுகிற அதிகாரம் அவர் ஒருவருக்குத்தான். ‘முக்காலமறிந்த முடிவுரைப்பார்’ என்று பட்டம் வேறு. ஓலையில் உள்ளபடியே பொம்மைகளை நடத்தி ஒத்திகை பார்ப்பார். ‘முடியாது’ என்று அவர் சொன்னால்தான் ஓலை ரத்தாகும்.

“ஒத்திகை நடக்கிறது, மகாராஜா. பொம்மைக் கொம்பையன் இன்னும் சுற்றுகிறான். அவன் சுற்றி முடித்ததும் சொல்லிவிடுகிறேன்” என்றார் அவர்.

சிலம்பாயி அவர் முன்னால் போய் நின்றாள். “என் புருஷன் நிற்காவிட்டால் உம்முடைய பொம்மை மட்டும் எப்படி நிற்கும்? அது நிற்காவிட்டால் நீர் எப்போது வாயைத் திறப்பீர்? முடிந்த வேலையைப் பார்த்து முடிந்தது என்று சொல்ல எதற்கையா இந்தப் பட்டும் பட்டமும்?”

“அடங்காப்பிடாரி! என் ஒத்திகைக்கு அகப்படாத ஓலை ஈரேழு உலகத்திலும் கிடையாது!”

“நான் ஒன்று தருகிறேன். சரியாகச் சொல்லிவிட்டால் நானும் கோட்டையைச் சுற்றுகிறேன். தவறினால் என் புருஷனை விடவேண்டும்.”

அன்று பொழுது போகாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ராஜா, “ஆகட்டும்!” என்று துள்ளினான்.

சிலம்பாயி சொல்லச் சொல்ல சபை எழுத்தர் எழுதினார். “இதை ஏந்தியவள் எப்போதாவது உட்காருவாளா என்று வித்தகராயரைக் கேள். ‘உட்காருவாள்’ என்றால் ஓயாமல் தூணைச் சுற்று. ‘உட்காரமாட்டாள்’ என்றால் உடனே உட்கார்.”

ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு, “சொல்லும் ஐயா, நான் உட்காருவேனா?” என்றாள்.

ஒத்திகை தொடங்கியது. பொம்மைச் சிலம்பாயி பொம்மை வித்தகராயரிடம் போய்க் கேட்டாள். அவர் பதில் சொல்ல வேண்டுமானால் அவரும் ஒத்திகை பார்க்க வேண்டுமே! அவருக்குச் சின்னப் பொம்மைகள் வந்தன. அந்தச் சின்ன வித்தகராயருக்கும் ஒத்திகை வேண்டுமே! பொம்மைக்குப் பதில் புளியங்கொட்டை வந்தது, மிளகு வந்தது, கடுகு வந்தது. கடைசியில் வித்தகராயர் குப்புறப் படுத்து, ஒரு மணல் துகளிடம் “நீயாவது சொல்லித் தொலையேன்!” என்று கெஞ்சினார்.

“மணலை விடும்! வாயால் சொல்லும்!” என்றான் ராஜா.

“உட்... உட்காருவாள்!”

சிலம்பாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தூணைச் சுற்றினாள்.

“இல்லையில்லை, உட்காரமாட்டாள்!”

பொத்தென்று உட்கார்ந்தாள்.

சபை விழுந்து விழுந்து சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. “எல்லாருக்கும் வேடிக்கை! வெளியே ஒருத்தன் பாதம் கிழிந்து நடக்கிறான். யானை செத்ததை ஒரு நொடி நினைத்துப் பார்த்திருந்தால் போதுமே, பொம்மை எதற்கு?”

ராஜா சிரிப்பை நிறுத்தினான். தலை கவிழ்ந்தான்.

“கொம்பையன் ஓலை ரத்து! இனி என் ஓலை ஒவ்வொன்றிலும் ‘கால் வலித்தால் வீட்டுக்குப் போ’ என்று கடைசி வரி இருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று பார்க்கிற உத்தியோகம் சிலம்பாயிக்கு. வித்தகராயரே, அந்தக் கடுகு ஒத்திகையை முடித்துவிட்டு வாரும், உம்முடைய பட்டம் அதுவரை என்னிடமே இருக்கட்டும்.”

சிலம்பாயி எதையும் காதில் வாங்காமல் ஓடினாள். கோட்டைச் சுவரோரம் தள்ளாடி வந்தவனின் கையிலிருந்த ஓலையைப் பிடுங்கினாள்.

“ஐயோ, குடு! உட்காரலாம் என்று யாரும் சொல்லவில்லையே!” என்றான் கொம்பையன்.

“யாரையும் கேட்காதே,” என்று அவன் தோளைப் பிடித்து அழுத்தினாள். “உட்கார்!”