தவமணி சொல்லாத கலவை

"நாக்கை அறுத்து வச்சிட்டுப் போகச் சொல்றார், தாயி."

மலைக்காரர்கள் வழக்கு தீர்க்கத் தேடி வரும் தாயியின் குடிலுக்குள் நுழைந்ததுமே தவமணி இதைத்தான் சொன்னாள். நாற்பத்தெட்டு வயது. தேயிலை ஃபேக்டரி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாகத் தூளை ருசி பார்த்துக் கலப்பவள். மலைக்கு அந்தப்புறம் இருக்கும் இன்னொரு ஃபேக்டரி இப்போது அவளைக் கூப்பிட்டிருந்தது.

பின்னாலேயே முதலாளி போஜனும் வந்தார்.

"மூணு வருஷம் வேற எங்கேயும் ருசி பார்க்காதேன்னுதான் சொன்னேன். எங்க கலவையை நம்பி எண்பது குடும்பம் இருக்கு, தாயி."

"எனக்கு வேற தொழில் தெரியாதே! மூணு வருஷம் என்ன பண்ணுவேன்?"

தாயிக்கு முப்பது வயதுதான் இருக்கும். உள்ளே போய், பால் விடாத தேநீர் மூன்று தம்ளர் கொண்டுவந்தாள்.

தவமணி சத்தமாக உறிஞ்சி வாய்க்குள் உருட்டினாள். கோபம் கொஞ்சம் மறந்துபோயிற்று.

"மழை விட்டதும் பறிச்ச கொழுந்து. சரியா வாடலை. தண்ணியும் ரொம்ப நேரம் கொதிச்சிருக்கு."

"யாரிடம் கற்றாய்?"

"யாரும் சொல்லித் தரலை. குடிச்சுக் குடிச்சு வந்தது."

"யார் தூளைக் குடித்து?"

தவமணி தயங்கினாள்.

"ஐயா தூளைத்தான்."

போஜன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது எந்தத் தூள்?" தாயி விடவில்லை.

"எங்க தூள்தான். நான் கலந்தது."

"எதோடு எதைக் கலந்தாய்?"

தவமணி வாயைத் திறந்தாள். போஜனின் தம்ளர் உதட்டருகே நின்றது.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"அதை மட்டும் கேட்காதீங்க, தாயி."

"அவர் இருக்கிறார் என்றா?"

"அவர் இல்லாட்டியும் சொல்ல மாட்டேன்."

தாயி மெல்லப் போஜன் பக்கம் திரும்பினாள். பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

வெளியே மஞ்சு இறங்கிச் சரிவை மூடியது. போஜன் தேநீரை மெதுவாகக் குடித்து முடித்தார்.

"தவமணி."

"சொல்லுங்க ஐயா."

"நீ போற ஃபேக்டரியில கொழுந்து வாட்டுற அறையில ஈரம் தங்கும். வடக்கு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லு."

அவள் திகைத்துப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படி ஐயா தெரியும்?"

"நான் தொழில் கத்துக்கிட்டதே அங்கேதான்."