மிளகாய்க்குப் பின் கேழ்வரகு

உறவை முதலில் கெடுத்தவன் அருஞ்சுனை. தவசிலிங்கத்தின் தங்கை புருஷன்.

இருபத்தோரு வருஷம் இரண்டு பேரும் ஒரே மாவு மில்லில் நின்றவர்கள். ஒருநாள் ஒரு வீட்டு மாவில் கல் நறநறத்தது. மில் கல்லைச் சரியாகக் கொத்தாமல் விட்டவன் அருஞ்சுனையின் மகன். பழி தவசிலிங்கத்தின் மேல் விழுந்தது. "உமக்குக் கண்ணும் போச்சு, கையும் போச்சு. வீட்டுல கிடந்து பேரப்பிள்ளையப் பாரும்" என்று வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் அருஞ்சுனை சொல்லிவிட்டான். தப்பு யாருடையது என்று பிற்பாடு அவனுக்கே தெரிந்தது. தெரிந்தும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தவசிலிங்கம் அடுத்த தெருவில் சொந்த மில் திறந்தார். ஐம்பத்தெட்டு வயதில், மனைவியின் வளையலை விற்று, ஒரே ஒரு மிஷினோடு.

வந்தவர்கள் ஒருமுறை வந்தார்கள். மறுமுறை வரவில்லை. ஐப்பசியும் வந்துவிட்டது. தைக்குள் மில் நிமிராவிட்டால் மிஷினைத் தூக்கிப்போக மனைவி ஆள் சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த ஊரில் முத்துக்கனி என்று ஒருத்தி இருந்தாள். இடியாப்பம் பிழிந்து எட்டு ஓட்டலுக்கு அனுப்புகிறவள். வயது முப்பத்தாறு. யார் கடை போட்டாலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போடுவார்கள். மகள் வயதுக்காரி முன்னால் கைகட்டி நிற்பதில் தவசிலிங்கத்துக்கு வெட்கமில்லை. அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"மாவு நைஸா இருக்கு. எடையில குறை வச்சதில்ல. ஏம்மா யாரும் திரும்பி வரமாட்டேங்காங்க? அருஞ்சுனை ஏதாவது செஞ்சு வச்சுட்டானா?"

"நாளைக்கு வந்து பாக்கேன் அண்ணாச்சி" என்றாள் முத்துக்கனி. மறுநாள் காலையில் மில்லுக்கு வந்து ஒரு ஓரமாக முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் ஒருத்தி மிளகாய் வற்றல் கொண்டுவந்தாள். அது அரைபட்டு முடிகிற வரைக்கும் தவசிலிங்கம் அருஞ்சுனை கதையைச் சொன்னார். இருபத்தோரு வருஷத்தில் ஒன்றையும் விடவில்லை. அவள் இரண்டு தடவை தும்மினாள். போன வாரம் தன் அக்கா வந்தபோதும் இதே கதைதானாமே என்று கேட்டுக்கொண்டே டப்பாவை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

அடுத்து ஒரு சின்னப் பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகு.

"அப்படியே தொட்டியில கொட்டுங்க அண்ணாச்சி. அவ அவசரமாப் போகணும் போலிருக்கு" என்றாள் முத்துக்கனி.

தவசிலிங்கம் திடுக்கிட்டுப் பார்த்தார். "என்னம்மா இப்படிச் சொல்லிட்டீங்க? இப்பத்தான மிளகா ஓடியிருக்கு. பச்சப்புள்ள வாய் என்னத்துக்காகும்?"

தன் வீட்டு அரிசியை மூன்று கை அள்ளிப்போட்டு மிஷினை ஓட்டினார். சிவப்பாக விழுந்த மாவைத் தனியே எடுத்துக் கொட்டினார். மறுபடியும் மூன்று கை. மாவு வெள்ளையாக விழுந்தபின் மிஷினை நிறுத்தி, தொட்டியை உள்ளும் புறமும் துணியால் துடைத்தார். மாவு விழுகிற பையையும் மாற்றிக் கட்டினார்.

பிறகு கேழ்வரகை வாங்கிக் கொட்டிக்கொண்டே அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "அருஞ்சுனைன்னு ஒருத்தன், எங்கூடப் பிறந்தவளக் கட்டினவன்..."

சுவிட்சுக்குக் கை போனது. அங்கே முத்துக்கனியின் உள்ளங்கை இருந்தது.

"இன்னும் போடாதீங்க அண்ணாச்சி."

"ஏம்மா? சுத்தமாத் துடைச்சாச்சே."

"மிளகா இன்னும் ஓடிக்கிட்டிருக்கு."

தவசிலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "அவன் செஞ்சது தப்பில்லங்கீங்களா?"

"தப்புதான்."

"பெறகு? மறந்துட்டு அவனக் கட்டிப்பிடிக்கச் சொல்லுதீங்களா?"

"மறக்க வேண்டாம். இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன செஞ்சா?"

அந்தப் பெண் ஒன்றும் விளங்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். குழந்தை துணியை இழுத்துச் சிரித்தது. தவசிலிங்கம் குழந்தையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். முத்துக்கனி கையை எடுத்துக்கொண்டாள். அவர் சுவிட்சைப் போட்டார்.

மாவு பாதி இறங்கியபோது, "புள்ளைக்கு எத்தன மாசம் தாயி?" என்று கேட்டார்.

ஏழு என்றாள். அப்படியானால் இன்னொரு தடவை சலித்துக் கொடு என்றார். எந்தச் சல்லடை நல்லது என்றும் சொன்னார்.

அவள் பதினைந்து நாளில் திரும்பி வந்தாள். கூட அவள் நாத்தனார் வந்தாள். நாத்தனார் தெருவையே கூட்டிவந்தாள். மார்கழியில் கோலமாவுக்குப் பச்சரிசி கொண்டுவந்தவர்கள் வாசலைத் தாண்டி வரிசை நின்றார்கள். தை பிறந்ததும் மிஷினைத் தூக்க வந்த ஆளை மனைவியே காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினாள்.

அன்று மத்தியானம் முத்துக்கனி வந்தாள். கூட்டம் ஓய்ந்திருந்தது. தவசிலிங்கம் மீசையில் ஒட்டிய மாவைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"மில் ஓடுது அம்மா. வர்றவங்ககிட்ட அவன் பேரை எடுக்கதில்ல. ஆனா அருஞ்சுனை இன்னும் வரல. அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவேண்டியது."

"வரவேண்டியதுதான் அண்ணாச்சி. யார் இல்லன்னது?"

முத்துக்கனி வெளியே நின்ற வண்டியிலிருந்து ஒரு அரிசி மூட்டையை இறக்கச் சொன்னாள்.

"அவர் வர்றப்போ வரட்டும். இது இடியாப்பத்துக்கு. நல்லா நைஸா இருக்கணும்."